விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு மெனு வரவில்லை: மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கு முன்

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸ் 11 இருந்தது. நீங்கள் இடம் பிரித்து உபுண்டு 22.04 போட்டீர்கள். ஆன் செய்தால் எதற்குள் போகவேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு இத்தனை நாள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. போன வாரம் விண்டோஸ் அப்டேட் ஒன்று ஓடி இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆனது. அதற்கப்புறம் மெனுவே இல்லை, நேராக விண்டோஸ். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து பூட்ரெக், ஃபிக்ஸ்எம்பிஆர் என்று விண்டோஸின் பழுதுநீக்கக் கட்டளையை அடித்தீர்கள். வெற்றிகரமாக முடிந்தது என்று சொன்னது, ஆனால் ஒன்றும் மாறவில்லை. உபுண்டுவை மறுபடி இன்ஸ்டால் செய்தால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ‘ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது’ என்று போட்டிருக்கிறீர்கள். கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மெனு போனது போகட்டும், ஃபைல் இருக்கிறதா?

இருக்கும். விண்டோஸ் அப்டேட் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள், அதாவது உபுண்டுவுக்கு வட்டில் பிரித்த பகுதிக்குள், போய் எழுதுவதில்லை. நீங்கள் அடித்த ஃபிக்ஸ்எம்பிஆர், வட்டின் முதல் 512 பைட்டில் இருக்கும் பழைய காலத்துத் துவக்க நிரலை மட்டும் மாற்றி எழுதும், பார்ட்டிஷன் பட்டியலைத் தொடாது. விண்டோஸ் 11 போட்டு விற்கும் லேப்டாப்கள், பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் துவங்குபவை. அவை அந்த நிரலை ஓட்டுவதே இல்லை. வெற்றி என்று வந்தும் எதுவும் நடக்காமல் போனது அதனால்தான். உங்கள் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். சந்தேகம் இருந்தால் விண்டோஸிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். நீங்கள் உபுண்டுவுக்குப் பிரித்துக் கொடுத்த அளவில், டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல் ஒரு கட்டம் தெரிந்தால் பார்ட்டிஷன் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அதற்கு டிரைவ் எழுத்து கொடுத்துப் பார்க்கலாம் என்று போனால், ‘இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கலாம். அந்த இடத்தில் கைதவறி ஓகே கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்டேட்டுக்குத் தப்பிய ஃபைல் அங்கே போய்விடும்.

ஆகவே மறுபடி இன்ஸ்டால் வேண்டாம். பழுதை நீக்கப் போய் ப்ராஜெக்ட்டைப் பறிகொடுக்கும் வழி அதுதான். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) தகராறோடு வருகிறவர்களில் ஃபைலை இழந்தவர்கள் யாருமே பழுதால் இழக்கவில்லை, அவசரத்தில் செய்த வைத்தியத்தால்தான் இழந்தார்கள்.

என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மதர்போர்டில் ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. அதில் ஒரு பட்டியல்: விண்டோஸ் பூட் மேனேஜர், உபுண்டு, பென் டிரைவ் என்று வரிசையாக. எதை முதலில் முயல வேண்டும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் வட்டில் இருக்கும் ஒரு ஃபைலைச் சுட்டும். அந்த ஃபைல்கள் எல்லாம் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்னப் பகுதியில் இருக்கின்றன. பெரும்பாலும் 100 அல்லது 260 எம்பி அளவில், ஃபேட்32 அமைப்பில் இருக்கும். உள்ளே மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். உபுண்டு ஃபோல்டரில் ஷிம் என்றொரு ஃபைல். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு அதன் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து உள்ளே விடும். ஷிம் கிரப்பைக் கூப்பிடும். கிரப் பக்கத்திலேயே இருக்கும் மூன்று நான்கு வரி ஃபைலைப் படித்து, ‘என் மெனு இந்த அடையாள எண் உள்ள லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கிறது’ என்று அங்கே போகும். அங்கே போன பிறகுதான் உங்களுக்கு மெனு தெரியும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைத் திரையே சொல்லிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் நேராக விண்டோஸ் வந்தால் முதல் கண்ணி, அதாவது பட்டியலோ அதன் வரிசையோ மாறியிருக்கிறது. உங்கள் கதை இதுதான். செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்று சொல்லி அணைந்துபோனால் ஷிம்மைத் தடுத்திருக்கிறார்கள். கிரப் என்ற சொல்லும் ஒரு அம்புக்குறியும் மட்டும் வந்து கர்சர் மின்னிக்கொண்டிருந்தால், கிரப் வந்துவிட்டது, மெனு இருக்கும் இடம்தான் அதற்குக் கிடைக்கவில்லை. மெனு வந்து, உபுண்டுவைத் தேர்ந்தெடுத்த பிறகு எங்காவது நின்றால் அது பூட் லோடர் (கிரப் போன்ற துவக்க நிரல்) சமாச்சாரமே இல்லை, வேறு வைத்தியம்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. இதைத் தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர், அதாவது வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் வசதி, ஆனில் இருக்கிறதா பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்த பல லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே ஆனில் இருக்கும். பூட் வரிசையையோ செக்யூர் பூட்டையோ மாற்றினால் அடுத்த தடவை விண்டோஸ் நீலத் திரை காட்டி 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கலாம். ஒரு மாணவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உபுண்டு நன்றாக வருகிறது, விண்டோஸ்தான் எண் கேட்கிறது. எந்த மின்னஞ்சலில் கணக்கு ஆரம்பித்தோம் என்று அவளுக்கு நினைவில்லை, வாங்கிய அன்று அண்ணன் அவனுடைய கணக்கைப் போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறான். அண்ணன் வெளிநாட்டில். இரவு அவன் வேலை முடிந்து வந்து கணக்கைத் திறந்து ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எண்களைப் போனில் படிக்க, இவள் தட்டச்சு செய்தாள். நல்லவேளை, அண்ணனுக்குப் பாஸ்வேர்டு நினைவிருந்தது. நீங்கள் இப்போது விண்டோஸுக்குள் போக முடிகிறது அல்லவா, இப்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்த எண்ணை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்துப் பிரயோஜனம் இல்லை.

சரி, இனி வேலைக்கு வரலாம். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் யூஸ் எ டிவைஸ் என்று ஒன்று இருக்கும். அதற்குள் போனால் அந்தப் பட்டியல் தெரியும். அப்படி ஒரு வாய்ப்பே காட்டவில்லை என்றால், ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். ஹெச்பியில் எஃப்9, லெனோவோவிலும் டெல்லிலும் எஃப்12, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் எஃப்2 வழியாக செட்டப் என்ற அமைப்புத் திரைக்குள் போய் அதை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். பட்டியலில் உபுண்டு என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தேர்ந்தெடுங்கள். பழைய மெனு வந்து உபுண்டு திறந்துவிட்டால் உங்கள் ப்ராஜெக்ட் கண்ணெதிரே இருக்கும். முதலில் அதை ஒரு பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். வரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வரிசையைத் திருத்த உபுண்டுவிலேயே டெர்மினல் திறந்து இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளையை அடியுங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஒரே சொல்லாக. சில வரிகள் வரும். பூட்ஆர்டர் என்ற வரியில் 0000,0003 என்பதுபோல நான்கு இலக்க எண்கள் காற்புள்ளியோடு இருக்கும். கீழே எந்த எண் எதற்கு என்று பெயரோடு இருக்கும். விண்டோஸ் 0000, உபுண்டு 0003 என்று வைத்துக்கொள்வோம். சூடோ (நிர்வாகி அனுமதி கேட்கும் சொல்) போட்டு அதே கட்டளை, ஒரு கழித்தல் குறி, சின்ன ஓ எழுத்து, பிறகு 0003,0000 என்று உபுண்டுவை முன்னால் வைத்து எண்களைக் கொடுத்தால் வரிசை மாறிவிடும். வேறு எண்கள் இருந்தால் அவற்றையும் பின்னால் சேர்த்துக் கொடுங்கள், விட்டுவிட்டால் அவை வரிசையிலிருந்து விழுந்துவிடும். இன்னொன்று, எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரி செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கிறது. சூடோவோடு அதே கட்டளை போட்டு, சின்ன எழுத்திலேயே கழித்தல் பி, எண், கழித்தல் ஏ என்று கொடுத்தால் உயிர் வரும்.

இவ்வளவு செய்தும் ரீஸ்டார்ட்டில் மறுபடி விண்டோஸே முன்னால் வந்து உட்கார்ந்தால், உங்கள் லேப்டாப்பின் ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே இருக்கும் நிரல்) பிடிவாதம் பிடிக்கிறது. சில மாடல்கள் அப்படித்தான். அப்போது செட்டப் திரைக்குள் போய் பூட் ஆர்டரில் கையால் மாற்றிப் பாருங்கள். சிலவற்றில் ஓஎஸ் பூட் மேனேஜர் என்ற வரிக்குள் என்டர் தட்டினால்தான் விண்டோஸும் உபுண்டுவும் தனித்தனியாகத் தெரியும், மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே வரிதான். ஏசரில் உபுண்டுவின் ஷிம் ஃபைலை ‘நம்பத்தக்கது’ என்று செட்டப்பிலேயே தேர்வு செய்ய வேண்டியிருக்கும், அந்த வாய்ப்பு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான் திறக்கும். இந்த இடத்தில் ஒரு குறுக்குவழியை நிறையப் பேர் சொல்வார்கள்: மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் இருக்கும் விண்டோஸின் துவக்க ஃபைலைப் பெயர் மாற்றிவிட்டு, அந்தப் பெயரில் கிரப்பைக் காப்பி செய்துவிடு என்று. நடக்கும்தான், நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். அடுத்த விண்டோஸ் அப்டேட் தன் ஃபைலைத் திரும்ப வைக்கும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். பிடிவாதமான மெஷினில் ஒவ்வொரு தடவையும் எஃப்9 தட்டுவது எவ்வளவோ மேல்.

பட்டியலில் உபுண்டு என்ற பெயரே இல்லையென்றால்? அப்போதும் ஃபைல் அழியவில்லை, வரிதான் அழிந்திருக்கிறது. உபுண்டு இன்ஸ்டால் செய்ய வைத்திருந்த பென் டிரைவ் வேண்டும். அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் உபுண்டு என்பதைத் தொடாமல் ட்ரை உபுண்டு கொடுங்கள். உள்ளே போனதும் ஃபைல் மேனேஜரில் உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷனைக் கிளிக் செய்தால் திறக்கும். ஹோம் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் ப்ராஜெக்ட். இன்னொரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு என்ன ஆனாலும் உங்களுக்கு நஷ்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

இங்கே நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் சில மெஷின்களில் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்றில் வெறும் பெயர். அவசரத்தில் வெறும் பெயரைத் தட்டிவிட்டேன். பென் டிரைவ் பழைய பயாஸ் முறையில் துவங்கியது, திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதிலிருந்தபடி கிரப்பை இன்ஸ்டால் செய்தேன். அது சமர்த்தாக வட்டின் முதல் 512 பைட்டில் போய் உட்கார்ந்துகொண்டது, அதாவது உங்கள் ஃபிக்ஸ்எம்பிஆர் போன அதே இடத்தில். பிழை இல்லை, மெனுவும் இல்லை. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தேடினேன். இப்போதெல்லாம் டெர்மினல் திறந்ததும் முதல் வேலை, சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். இருந்தால் சரியான முறையில் துவங்கியிருக்கிறது. இல்லையென்றால் அணைத்துவிட்டு யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து மறுபடி வாருங்கள்.

அதற்குப் பிறகு வேலை நீளமாகத் தோன்றினாலும் நேரானது. எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை பார்ட்டிஷன்களைக் காட்டும். லினக்ஸ் பார்ட்டிஷன் எது, சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் எது என்று அளவை வைத்து அடையாளம் கண்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறு யாரோ போட்ட எண்ணைப் பார்த்து அப்படியே அடிக்காதீர்கள், உங்கள் வட்டில் எண் வேறாக இருக்கும். லினக்ஸ் பார்ட்டிஷனை எம்என்டி ஃபோல்டரில் மவுன்ட் செய்யுங்கள், அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கும்படி இணையுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் இருக்கும் பூட் ஃபோல்டரின் இஎஃப்ஐ என்ற உள்ஃபோல்டரில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் இந்த நான்கையும் ஆர்பைண்ட் கொடுத்து உள்ளே இணையுங்கள். வெறும் பைண்ட் கொடுத்தால் சிஸ்ஸுக்குள் இருக்கும் இஎஃப்ஐவார்ஸ் (மதர்போர்டுப் பட்டியலைப் படிக்க, எழுத உதவும் ஃபோல்டர்) கூடவே வராது, பிறகு இஎஃப்ஐ வேரியபிள்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட் என்று கிரப் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு சிஹெச்ரூட் என்ற கட்டளையால் வட்டில் இருக்கும் உபுண்டுவுக்கு உள்ளே போய் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். முதலாவது பட்டியலில் உபுண்டு வரியை மறுபடி எழுதிவிடும், இரண்டாவது மெனுவைப் புதுப்பிக்கும். டெர்மினல் பழக்கமில்லை என்றால் பூட்-ரிப்பேர் என்ற கருவி இதையே செய்யும். அதன் பரிந்துரைத்த ரிப்பேர் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. அட்வான்ஸ்ட் பக்கத்தில் இருக்கும் டிக் பெட்டிகளோடு மட்டும் விளையாட வேண்டாம்.

அப்டேட்-கிரப் ஓடும்போது விண்டோஸ் பெயர் வரவில்லை என்றால் பதறாதீர்கள். கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையை இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இடிசி ஃபோல்டரில் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைலில் கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர் என்ற வரியை ஃபால்ஸ் என்று எழுதி, மறுபடி அப்டேட்-கிரப் கொடுத்தால் விண்டோஸும் மெனுவில் வந்துவிடும். வரி ஏற்கனவே இருந்தால் முன்னால் இருக்கும் # குறியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஒருவேளை பூட் மெனுவில் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்று வந்தால் பாதை வேறு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட், பழைய ஓட்டையுள்ள கிரப்களைத் தடுப்பதற்காக எஸ்பேட் என்ற தடைப் பட்டியலை மெஷினில் எழுதியது. டூயல் பூட் உள்ள கணினிகளில் எழுதாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் சில டூயல் பூட் கணினிகளை அந்த அப்டேட்டால் அடையாளம் காண முடியவில்லை, அவற்றில் லினக்ஸ் நின்றுபோனது. இப்படி நின்றிருந்தால் செட்டப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். 48 இலக்க எண் கையில் இருக்கிறதல்லவா? உபுண்டுவுக்குள் போய் முழுவதும் அப்டேட் செய்து, எம்ஓகேயுடில் கட்டளையால் எஸ்பேட் பாலிசியை டெலீட் என்று வைத்து, ஒருமுறை உபுண்டுவுக்குள் ரீஸ்டார்ட் செய்த பிறகு செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யலாம்.

கிரப் அம்புக்குறி மட்டும் வந்து நின்றால், எல்எஸ் என்று அடியுங்கள், பார்ட்டிஷன்கள் அடைப்புக்குறிக்குள் தெரியும். ஒவ்வொன்றாக எல்எஸ் கொடுத்து, பின்னால் ஒரு சாய்கோடு போட்டுப் பாருங்கள். பூட், ஹோம் என்ற ஃபோல்டர்கள் தெரிவது எதுவோ அதுதான் உங்கள் உபுண்டு. கான்ஃபிக்ஃபைல் என்ற கட்டளையோடு அந்தப் பார்ட்டிஷனின் பூட், கிரப் ஃபோல்டரில் இருக்கும் கிரப் டாட் சிஎஃப்ஜி ஃபைலின் பாதையைக் கொடுத்தால் மெனு வந்துவிடும். எக்ஸிட் என்று அடித்தால் அடுத்த வரிக்கு, பெரும்பாலும் விண்டோஸுக்கு, போய்விடும்.

இனி, எனக்கு உறுதியாகத் தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பார்ட்டிஷனை அப்டேட் தொடாது என்பதும், ஃபிக்ஸ்எம்பிஆர் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை என்பதும் உறுதி. வரிசை மாறியதுதான் காரணம் என்பது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்று நீங்கள் சொன்னதை வைத்து நான் எடுத்த முடிவு. அது மாறியது எப்படி என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. பெரிய விண்டோஸ் அப்டேட் தன் துவக்க ஃபைல்களைப் புதுப்பிக்கும்போது தன்னை முன்னால் வைத்துக்கொள்வது உண்டு. அதே அப்டேட்டோடு லேப்டாப் கம்பெனியின் ஃபர்ம்வேர் அப்டேட்டும் சேர்ந்து வந்து பட்டியலையே பழையபடி ஆக்கிவிடுவதும் உண்டு. விண்டோஸ் அப்டேட் ஹிஸ்டரியில் டிரைவர் அப்டேட்ஸ் பகுதியில் ஃபர்ம்வேர் என்ற சொல் அந்தத் தேதியில் இருந்தால் இரண்டாவதுதான், அப்போது உபுண்டு வரியே காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். வட்டே பழுதாகிக்கொண்டிருந்தால் நான் சொன்னது எதுவும் பொருந்தாது. ஆனால் விண்டோஸ் நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள், அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

போகிற போக்கில், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், உபுண்டுவிலிருந்து சி டிரைவில் எழுத முடியாது.

முதலில் ஷிஃப்ட் ரீஸ்டார்ட் செய்து அந்தப் பட்டியலை மட்டும் பாருங்கள். உபுண்டு பெயர் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லையென்றால் பென் டிரைவில் துவங்கி எல்எஸ்பிஎல்கே, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் இரண்டும் காட்டும் திரையை போட்டோ எடுத்துப் போடுங்கள். உங்கள் பார்ட்டிஷன் எண்களை வைத்து எந்த வரியில் எதை அடிக்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.